கறுப்பு முனையில் மாஸ்டர்

போகிக்கு முந்தின வாரம் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய வயர்களைக் கட்டிப் போட்டிருந்த மூட்டையிலிருந்து ஒரு ஃபிலிம் ரோல் டப்பா உருண்டு கீழே விழுந்தது. கறுப்பு டப்பா, சாம்பல் மூடி. கேமராவில் ஃபிலிம் மாட்டிய காலத்தில் எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு கிடக்கும். ஊசி, பட்டன், சில்லறை என்று ஏதாவது போட்டு வைப்பார்கள். இதற்குள் ஜம்பர்கள் இருந்தன. கறுப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் தொப்பிகள், ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் இருக்கும். உள்ளே ஒரு சின்ன உலோகக் கவ்வி. ஹார்டு டிஸ்க்கின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகளில் இரண்டை இணைப்பதற்காகச் செருகுவது.

“இது எதுக்கு? தூக்கிப் போடட்டுமா?” என்று கேட்டாள் என் மனைவி. முன்பெல்லாம் போகி நெருப்பில் பாய், டயர், பிளாஸ்டிக் எல்லாம் போகும். இப்போது பிளாஸ்டிக்கை எரிப்பதில்லை, மின்கழிவைத் தனியாகக் கொடுக்கிறோம். “இரு, இரு” என்று சொல்லி டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டப்பாவைக் கொடுத்தவர் வானகரத்து ஸ்டுடியோ அண்ணன். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து அம்பத்தூருக்குத் திரும்புகிற ரோட்டில் அவர் ஸ்டுடியோ. பக்கத்துக் கதவு என் கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ், டிடிபி, ஜெராக்ஸ் மூன்றையும் ஒரே போர்டில் எழுதியிருந்தேன். பைபாஸ் மேம்பாலம் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் காலி மனைகள் அதிகம். லாரிகள் நிற்கும், டீக்கடை விடிய விடிய இருக்கும். மாலையானால் கோயம்பேடு பக்கமிருந்து வருகிற பஸ்களில் படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்கும். மீன் மார்க்கெட்டோ பெரிய ஆஸ்பத்திரியோ அப்போது கிடையாது. கல்யாண மண்டபங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. மண்டபம் வந்தால் வீடியோக்காரர் வருவார், வீடியோ வந்தால் மிக்ஸிங் வரும், மிக்ஸிங் வந்தால் ஹார்டு டிஸ்க் நிரம்பும். எனக்குச் சோறு போட்டதில் பாதி அந்த நிரம்பல்தான்.

சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். மவுண்ட் ரோட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பிரிகிற தெரு அது. முன்னொரு காலத்தில் ரேடியோ உதிரிபாகம் விற்ற இடம், பிறகு டிவி, கேசட், கடைசியில் கம்ப்யூட்டர் என்று மாறிக்கொண்டே வந்தது. நரசிங்கபுரம், மீரான் சாகிபு தெரு வரைக்கும் கடைகள். ஒரு துண்டுக் காகிதத்தில் பிராசசர், போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், மானிட்டர் என்று வரிசையாக எழுதிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி விலை எழுதி வாங்குவோம். மானிட்டர் பெட்டி ஆட்டோவில் வரும். ஹார்டு டிஸ்க் மட்டும் வெள்ளி நிறக் கவரோடு என் மடியில்தான் வரும். பஸ்ஸின் தரையில் அதை வைத்ததே இல்லை. பள்ளத்தில் பஸ் குதித்தால் டிஸ்க்குக்குள் என்ன ஆகும் என்று தெரிந்தவன் வைக்க மாட்டான்.

நரசிங்கபுரத்தில் ஒரு மாடி அறையில் சர்வீஸ் பார்த்த பாய் ஒருவர்தான் எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய முதல் பாடம், “ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி ஜம்பர் போடு தம்பி.” டிஸ்க்கின் மேல்முகத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில்தான் எந்த ஊசியில் ஜம்பர் இருந்தால் என்ன அர்த்தம் என்ற படம் இருக்கும். கேபினெட்டுக்குள் தள்ளி நான்கு ஸ்க்ரூவும் முடுக்கிய பிறகு அந்தப் படம் தெரியாது, விரலும் போகாது. டார்ச் அடித்து, மூக்குக் குறடை விட்டுத் துழாவ வேண்டும். அதனால் டிஸ்க்கை மேஜைமேல் வைத்து, இது எங்கே உட்காரப்போகிறது, யாரோடு உட்காரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கையில் ஸ்க்ரூடிரைவர் எடுப்பது அதற்கப்புறம்.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு இது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆரம்பத்தில் ஹார்டு டிஸ்க்கை இயக்கும் சர்க்யூட் தனி கார்டில் இருந்தது. 1986 வாக்கில் காம்பேக், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்ற கம்பெனிகள் சேர்ந்து அந்த சர்க்யூட்டை டிஸ்க்கின் அடிவயிற்றிலேயே ஒட்டிவிட்டார்கள். அதைத்தான் ஐடிஇ என்றோம். 1994-இல் ஏடிஏ என்ற பெயரில் அது முறையான தரமானது. ஒரு கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். ஆனால் இரண்டிலும் இயக்கும் சர்க்யூட் உண்டு. போர்டிலிருந்து வரும் கட்டளை இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். யார் பதில் சொல்வது? அதைத் தீர்மானித்தது அந்த ஜம்பர். ஒன்றை மாஸ்டர் என்றும் மற்றதை ஸ்லேவ் என்றும் நாம் கையால் குறித்துக் கொடுக்க வேண்டும். இரண்டையும் மாஸ்டராக வைத்துவிட்டால் இரண்டும் பதில் சொல்லப் பார்க்கும். பயாஸ் திரையில் ஒன்றும் தெரியாது, அல்லது டிஸ்க்கின் பெயர் குழம்பிப்போய் ஏதோ எழுத்துகளாக வரும்.

போர்டில் இப்படி இரண்டு சாக்கெட். முதலாவது பிரைமரி, அடுத்தது செகண்டரி. ஆக மொத்தம் நாலு இடம்: பிரைமரி மாஸ்டர், பிரைமரி ஸ்லேவ், செகண்டரி மாஸ்டர், செகண்டரி ஸ்லேவ். சுவிட்ச் போட்டதும் கறுப்புத் திரையில் இந்த நாலு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், ஒவ்வொன்றுக்கு எதிரிலும் டிஸ்க்கின் மாடல் எண் வந்து நிற்கும். யாருடைய வீட்டில் புது கம்ப்யூட்டர் மாட்டினாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த நாலு வரி அவை. பக்கத்தில் அந்த வீட்டு அம்மா காப்பி டம்ளரோடு நிற்பார்கள். நாலும் சரியாக வந்த பிறகுதான் காப்பியை வாங்குவேன்.

கேபிளிலும் ஒரு நியாயம் இருந்தது. 40 ஊசி சாக்கெட்டுக்கு முதலில் 40 கம்பி ரிப்பன் கேபிள் வந்தது. வேகம் 66 மெகாபைட்டுக்குப் போனபோது 80 கம்பி கேபிள் வந்தது. ஊசி அதே 40தான். கூடுதல் 40 கம்பியும் தரை இணைப்பு, ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் நடுவில் ஒன்று ஓடி ஒன்றின் சத்தம் அடுத்ததில் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். அந்தக் கேபிளில் மூன்று முனைக்கும் மூன்று நிறம். நீலம் போர்டுக்கு, நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு, கடைசியிலுள்ள கறுப்பு மாஸ்டருக்கு. ஒரே ஒரு டிஸ்க் இருந்தால் அது கறுப்பு முனையில்தான் இருக்க வேண்டும். சாம்பலில் மாட்டிவிட்டுக் கறுப்பைத் தொங்கவிட்டால், சிக்னல் அந்த வெறும் முனை வரை போய் முட்டித் திரும்பி வந்து தகவலைக் கலைக்கும். பாய் இதைப் புத்தகத்தில் படித்தவரல்ல. ஆனால் தொங்குகிற கறுப்பு முனையைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. அடுத்தவர் மாட்டிய கம்ப்யூட்டரானாலும் முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் என்ன கோளாறு என்று கேட்பார்.

கேபிள் செலக்ட் என்று மூன்றாவது ஒரு ஜம்பர் இடமும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் டிஸ்க் தானே கேபிளின் 28-வது கம்பியைப் பார்த்துத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். பெரிய கம்பெனி கம்ப்யூட்டர்கள் அப்படித்தான் வந்தன. நாங்கள் யாரும் அதை நம்பவில்லை. ரிச்சி தெருவில் கிடைத்த கேபிள்களில் எது சரியாகச் செய்யப்பட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மாஸ்டர், ஸ்லேவ் என்று கையால் குறித்துவிட்டால் கேபிள் எப்படியிருந்தாலும் பேச்சு மாறாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் என்றால் இன்னொரு கணக்கு: கேபிளில் அது தனியாக இருந்தால் ஜம்பரையே எடுத்துவிட வேண்டும், துணைக்கு ஒன்று இருந்தால்தான் மாஸ்டர் ஜம்பர். இப்படி எடுத்த ஜம்பர்கள்தான் டப்பாவில் சேர்ந்தன.

ஸ்டுடியோ அண்ணனின் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரிசை விஷயம் முழுமையாகாது. விண்டோஸுக்கு ஒரு சின்ன டிஸ்க், கல்யாணக் காட்சிகளுக்கு ஒரு பெரிய டிஸ்க், சிடி எழுத ஒரு ரைட்டர். அவருக்கு மாட்டிக் கொடுத்தவர்கள் இரண்டு டிஸ்க்கையும் ஒரே கேபிளில் மாட்டி, ரைட்டரைத் தனிக் கேபிளில் விட்டிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, கேபினெட்டுக்குள் கேபிள் மடியாமல் போயிற்று. ஆனால் வேலைக்கு ஆகவில்லை.

ஒரு ஐடிஇ கேபிளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பெரிய டிஸ்க்கிலிருந்து காட்சியைப் படித்துச் சின்ன டிஸ்க்கில் எழுதும்போது இரண்டும் ஒரே கேபிளில் இருந்தால் ஒன்று பேசி முடிக்கும் வரை மற்றது காத்திருக்கும். படி, நிறுத்து, எழுது, நிறுத்து. டிஸ்க்கின் கரகர சத்தத்திலேயே அது தெரியும். மினி டிவி டேப்பிலிருந்து ஒரு மணி நேரக் காட்சியை இறக்கினால் சுமார் 13 ஜிபி வரும். ஒரு கல்யாணத்துக்கு மூன்று, நான்கு டேப். வரவேற்பு ஒரு நாள், முகூர்த்தம் ஒரு நாள். தை மாதம் என்றால் அடுத்த கல்யாணம் வாசலில் நிற்கும்.

நான் வரிசையை மாற்றினேன். விண்டோஸ் இருந்த டிஸ்க் பிரைமரி மாஸ்டர். அதே டிஸ்க்கில்தான் முடிந்த படமும் போய்ச் சேர வேண்டும். காட்சிகள் இருந்த பெரிய டிஸ்க் செகண்டரி மாஸ்டர். சிடி ரைட்டர் செகண்டரி ஸ்லேவ். இப்போது மிக்ஸிங் செய்யும்போது ஒரு கேபிளில் படிப்பு, இன்னொரு கேபிளில் எழுத்து. சிடி எழுதும்போது முடிந்த படம் பிரைமரியிலிருந்து வரும், ரைட்டர் செகண்டரியில் வாங்கிக்கொள்ளும். அப்போது காட்சி டிஸ்க்குக்கு வேலையில்லை. யாரும் யாரையும் மறிக்க மாட்டார்கள். ரைட்டர்களில் அப்போது ஒரு பெரிய பயம் இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது தகவல் வருவது ஒரு கணம் தடைப்பட்டால் சிடி பாழ். பிறகு வந்த ரைட்டர்களில் நின்று மீண்டும் தொடரும் வசதி வந்தது, ஆனால் அண்ணன் வைத்திருந்தது அதற்கு முந்தையது. வரிசையை மாற்றிய பிறகு பாழான சிடிகளைக் கயிற்றில் கோத்துக் காக்காய் விரட்டத் தொங்கவிடுவது அவர் கடை மாடியில் நின்றுபோயிற்று.

எல்லாமே வேகமாகிவிடவில்லை. வீடியோ சிடிக்காகப் படத்தைச் சுருக்கும் வேலை பிராசசருடையது. 352-க்கு 288 புள்ளி என்ற சின்னச் சட்டத்துக்குள் அதை அடக்க இரவு முழுக்க ஓடத்தான் செய்தது. அதில் கேபிளை மாற்றிப் புண்ணியமில்லை. இதை நான் அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். தொழிலில் நிற்க நினைக்கிறவன் எது மாறும், எது மாறாது என்று இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஆவணி மாதம். காலையில் கடை திறக்கிறேன், அண்ணன் ஷட்டரண்டையே நிற்கிறார். “தாலி கட்டற எடத்துல படம் வெட்டி வெட்டி வருதுடா. பொண்ணு வீட்டுக்காரங்க சாயந்தரம் வராங்க.” டேப்பைப் போட்டுப் பார்த்தோம். டேப்பில் காட்சி சுத்தமாக இருக்கிறது. டிஸ்க்கில் இறங்கியதில்தான் இடையிடையே ஃப்ரேம்கள் இல்லை. நொடிக்கு நாலு மெகாபைட்கூட வேண்டாத வேலை அது. அந்த டிஸ்க் அதைப்போலப் பல மடங்கு தாங்கும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து செகண்டரி சேனலைப் பார்த்தேன். டிஎம்ஏ என்று இருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ என்று இருந்தது. எக்ஸ்பியில் அது ஒரு தற்காப்பு. ஒரு கேபிளில் திரும்பத் திரும்பப் பிழை வந்து ஆறைத் தொட்டால் விண்டோஸ் தானாக வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பழைய மாட்டுவண்டி வேகத்தில் கொண்டு நிறுத்திவிடும். யாரிடமும் சொல்லாது. பிராசசர் ஒவ்வொரு எழுத்தையும் தானே சுமந்து போடும்.

கேபினெட்டைத் திறந்தால் காரணம் தெரிந்தது. கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸின் ஓரத்தில் மடங்கி, மடிப்பில் கம்பி வெளுத்துப் போயிருந்தது. புது 80 கம்பி கேபிள் மாட்டி, மேனேஜரில் அந்த சேனலை நீக்கிவிட்டு மறுபடி துவக்கினோம். விண்டோஸ் புதிதாகத் தேடிக் கண்டுபிடித்து டிஎம்ஏவுக்கு வந்தது. மறுபடி டேப்பை ஓட்டி இறக்கினோம். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்கு வரும் இடம், ஐயர் கையை ஆட்டுகிறார், மாப்பிள்ளை குனிகிறார். அண்ணன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், விழுந்த ஃப்ரேம் பூஜ்யம் என்று காட்டுகிற மூலையை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்குத்தான் அந்த ஃபிலிம் டப்பாவை என் மேஜையில் வைத்தார். நான் ஜம்பர்களைத் தீப்பெட்டியில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு இன்னொரு வகை வேலை. லேத் பட்டறைகள், டை காஸ்டிங், பெயிண்ட் பூத் என்று தெருத்தெருவாகச் சிறு தொழில்கள். ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர், அதில் டேலி. அங்கே ஒரு பட்டறையின் கணக்குப்பிள்ளை ஒருநாள் போன் செய்தார். “சார், டி டிரைவ்ல கணக்கே காணோம். மூணு வருஷக் கணக்கு.” குரல் நடுங்கியது. போய்ப் பார்த்தால், யாரோ இடம் போதவில்லையென்று இரண்டாவதாக ஒரு டிஸ்க் மாட்டியிருக்கிறார்கள். விண்டோஸ் 98. அதில் டிரைவ் எழுத்து கொடுக்கும் முறை விசித்திரமானது. முதல் டிஸ்க்கின் முதன்மைப் பகுதிக்கு சி. அடுத்து, முதல் டிஸ்க்கின் மீதிப் பகுதிக்குப் போகாமல், இரண்டாவது டிஸ்க்கில் முதன்மைப் பகுதி இருந்தால் அதற்கு டி கொடுத்துவிடும். அதற்கப்புறம்தான் திரும்பி வந்து முதல் டிஸ்க்கின் மீதிக்கு ஈ. ஆகவே நேற்று வரை டி ஆக இருந்த கணக்கு, இன்று ஈ. டேலி டியில் போய்த் தேடுகிறது, அங்கே புது டிஸ்க் காலியாகக் கிடக்கிறது.

கணக்கு எங்கும் போகவில்லை என்று முதலில் அவருக்குக் காட்டினேன். பிறகு புது டிஸ்க்கை முழுக்க நீட்சிப் பகுதியாக மாற்றி, முதன்மைப் பகுதியே இல்லாமல் பிரித்தேன். அப்படிச் செய்தால் அதன் எழுத்து வரிசையின் கடைசிக்குப் போய்விடும், பழைய டி பழைய டியாகவே இருக்கும். மறுபடி துவக்கியதும் டேலி திறந்தது. கணக்குப்பிள்ளை உள்ளே போய் முதலாளியிடம் “இருக்கு சார்” என்று இரண்டே வார்த்தை சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஆளுக்கு அன்று பகல் முழுக்கச் சாப்பாடு இறங்கியிருக்காது.

மதுரவாயல் பக்கம் இன்ஜினீயரிங் படித்த ஒரு பையன் கடைக்கு வந்து உட்காருவான். பிசிக்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியை நிறுவிப் பார்ப்பதில் அவனுக்கு மோகம். அவன் மூலம்தான் இந்த விஷயத்தை வேறு விதமாக யோசித்தவர்கள் இருப்பது எனக்குத் தெரிந்தது. லினக்ஸில் பிரைமரி மாஸ்டர் எப்போதும் ஹெச்டிஏ, பிரைமரி ஸ்லேவ் ஹெச்டிபி, செகண்டரி மாஸ்டர் ஹெச்டிசி. நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தாலும் அடுத்தவர் முன்னால் நகர்ந்து வர மாட்டார். இடத்துக்குத்தான் பெயர். அம்பத்தூர் கணக்குப்பிள்ளைக்கு அது இருந்திருந்தால் அன்று சாப்பிட்டிருப்பார். பின்னாளில் லினக்ஸும் மாறியது. எல்லா டிஸ்க்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று கண்டுபிடித்த வரிசையில் பெயர் வாங்க ஆரம்பித்தன. இன்று ஏ ஆக இருப்பது நாளை பி ஆகலாம். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் நீளமாக ஓர் அடையாள எண் கொடுத்து, அதை வைத்துத் தேடுகிறார்கள். டிஸ்க் எந்தக் கேபிளில் இருந்தாலும் அதன் எண் அதனோடு போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கேபினெட்டைத் திறந்தவுடன் கேபிளைத் தொட்டு “இது இது” என்று சொல்ல முடிந்த தெளிவு அதில் இல்லை.

அந்தத் தெளிவுக்காக நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். கேபினெட்டின் பக்கத் தகட்டின் உள்புறம் மார்க்கரால் நாலு வரி எழுதிவிடுவேன்: எந்த இடத்தில் எந்த டிஸ்க், அதில் என்ன இருக்கிறது. அடுத்து யார் திறந்தாலும் அவர்களுக்குத் தெரியட்டும் என்று. ஆயுத பூஜைக்குக் கடைகளிலும் பட்டறைகளிலும் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். அதற்கு முன்னால் உள்ளே தூசி ஊதச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். அன்றைக்குத் தகட்டைக் கழற்றினால் போன வருஷம் நான் எழுதியது அப்படியே இருக்கும். சில இடங்களில் என் கையெழுத்துக்குக் கீழே வேறொருவர் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்ந்திருக்கும். அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒழுங்கான ஆள் என்று தெரியும். பூஜை முடிந்து சுண்டலும் பொரியும் கட்டிக் கொடுப்பார்கள். அன்று கம்ப்யூட்டரை யாரும் போட மாட்டார்கள்.

2003-க்கு அப்புறம் சாட்டா வந்தது. ஒரு டிஸ்க்குக்கு ஒரு கேபிள், விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய கேபிள். மாஸ்டரும் இல்லை ஸ்லேவும் இல்லை, காத்திருப்பும் இல்லை. முதலில் எக்ஸ்பி நிறுவும்போது எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவும் சீக்கிரமே தேவைப்படாமல் போயிற்று. பழைய ரிப்பன் கேபிள்களைக் காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப்போனார். மின்வெட்டு மோசமாக இருந்த வருஷங்களில் யுபிஎஸ் கத்தக் கத்த ஸ்டுடியோ அண்ணன் டிவிடிக்கு மாறினார், பிறகு பென் டிரைவில் கொடுத்தார், பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனார். 2011-இல் அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தகட்டைக் கழற்றி உள்ளே பார்க்கிற வழக்கம் அதோடு குறைந்தது. டெஸ்க்டாப்பை மாட்டத் தெரிந்த பையன்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருந்த காலம் போய், தேடினால்தான் கிடைப்பார்கள் என்றானது.

நொளம்பூரில் இருக்கும் அக்கா மகன் அப்படித் தேடிக் கிடைக்கிறவன். இந்தப் பொங்கலுக்கு அவன் புதிதாக ஒன்று மாட்டினான். சூயிங்கம் பட்டை அளவில் எம்.2 டிஸ்க், போர்டிலேயே படுக்க வைத்து ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூ. கேபிளே இல்லை. பழைய கம்ப்யூட்டரிலிருந்த 1 டிபி சாட்டா டிஸ்க்கையும் இதில் மாட்டியிருந்தான். விண்டோஸ் பென் டிரைவைச் செருகப் போகிற நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன்.

“பழைய டிஸ்க்க கழட்டிடு. அப்புறம் இன்ஸ்டால் பண்ணு.”

“எதுக்கு மாமா? புதுசுலதான் போடப்போறேன். நான் செலக்ட் பண்ணிப்பேன்.”

“விண்டோஸ் புதுசுலதான் போகும். துவக்குற பகுதி எங்க போகும்னு அது உன்னைக் கேக்காது.”

அவனுக்கு விளக்கினேன். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே துவக்கப் பகுதி ஒன்று இருந்தால், நிறுவும் நிரல் பல சமயம் புதிதாக ஒன்றைப் போடாமல் அதிலேயே தன் துவக்கக் கோப்புகளை வைத்துவிடும். எல்லாம் நன்றாக ஓடும். ஒரு வருஷம் கழித்துப் பழைய டிஸ்க் பழுதாகிக் கழற்றினால் கம்ப்யூட்டர் எழும்பாது. விண்டோஸ் இருக்கும், அதை எழுப்புகிறவர் இருக்க மாட்டார். நிறுவும் நேரத்தில் ஒரே ஒரு டிஸ்க் மட்டும் கண்ணில் பட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. என்னிடம் இப்படி எழும்பாத கம்ப்யூட்டர்கள் பல வந்திருக்கின்றன. எல்லாம் ஜம்பர் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களுடையது.

கேபிளை உருவினான். விண்டோஸ் ஏறியது. நான் பெட்டியிலிருந்த போர்டு புத்தகத்தை எடுத்துச் சாட்டா பக்கத்தைப் புரட்டினேன். அங்கே ஒரு சின்ன அட்டவணை: இரண்டாவது எம்.2 இடத்தில் டிஸ்க் போட்டால் ஐந்தாவது, ஆறாவது சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. அவன் பழைய டிஸ்க்கை மாட்டியிருந்தது ஆறில், கேபிள் ஒளிந்துபோகும் என்பதற்காக.

“இப்ப ரெண்டாவது எம்.2 காலியாதானே இருக்கு மாமா.”

“வாங்குவேல்ல?”

வாங்குவான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கேபிளை ஒன்றாவது போர்ட்டுக்கு மாற்றினான். மறுபடி போட்டதும் பழைய டிஸ்க் டி என்று வந்தது, உள்ளே பழைய விண்டோஸ் ஃபோல்டர், அவன் தங்கையின் காலேஜ் போட்டோக்கள் எல்லாம் இருந்தன. உடனே ஃபார்மேட் செய்யப் போனான். ஒரு மாதம் விட்டு வைக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். தகட்டை மூடும் முன் மார்க்கர் கேட்டேன். அந்த வீட்டில் இல்லை. அவன் தங்கை ஐலைனர் பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்புறத் தகடு கறுப்பு நிறம், எழுதினால் தெரியவில்லை. ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினோம்.

“மூணாவதா ஒண்ணு வாங்குனா எதுக்கு வெச்சுக்கறது மாமா? நான் வீடியோ எடிட்டிங் பண்ணலாம்னு இருக்கேன்.”

“காட்சியெல்லாம் அதுல போடு. முடிஞ்ச படத்த வேற டிஸ்க்ல எழுது.”

“இப்ப இருக்கற ஸ்பீடுக்கு அதெல்லாம் தேவையா?”

“எவ்ளோ பெரிய வீடியோன்றதப் பொறுத்து. எழுதிப் பாரு. ஒரே டிஸ்க்ல ஒரு தடவை, ரெண்டு டிஸ்க்ல ஒரு தடவை. நேரத்தக் குறிச்சு வெச்சு எனக்குப் போன் பண்ணு.”